கை ஊன்றாமல் எழுவது

அன்புள்ள சார்,

உடற்பயிற்சி பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எனக்கு 64 வயது. வேலைக்காலம் முழுக்க நாற்காலியிலேயே போய்விட்டது. ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. எடை கூடிவிட்டது, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நடக்கும் அடிகளை எண்ணும் கைக்கடிகாரம் ஒன்றை மகள் வாங்கிக் கொடுத்தாள். தினமும் பத்தாயிரம் அடி என்று முடிவு செய்து முதல் நாளிலிருந்தே நடந்தேன். இரண்டு வாரத்துக்குள் வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. விட்டுவிட்டேன். இப்போது மகள் எதையும் தூக்க விடுவதில்லை, மாடியும் ஏற விடுவதில்லை. சோபாவிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்ற வேண்டியிருக்கிறது, வயதானால் அப்படித்தானே. என் கேள்வி இதுதான். என் வயதுக்கு எத்தனை அடி நடக்கலாம்? காலையில் நடப்பது நல்லதா, மாலையிலா? என்ன மாதிரி ஷூ வாங்க வேண்டும்? ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். எவ்வளவு வேகமாக நடந்தாலும் கடிகாரத்தில் இதயத் துடிப்பு ஏறுவதே இல்லை. அது ஆபத்தா?

அன்புடன்,
ஆர்.

*

அன்புள்ள ஆர்,

நடையைப் பற்றி இத்தனை கேட்டிருக்கிறீர்கள். என்னை நிறுத்தியது நீங்கள் கேள்வியாகவே நினைக்காத ஒரு வரி. ‘கையை ஊன்ற வேண்டியிருக்கிறது, வயதானால் அப்படித்தானே.’ கொஞ்ச நாளாகவே இதைப் பற்றி எழுத வேண்டும் என்று மனதில் இருந்தது. கேட்டதை முதலில் முடித்துவிடுகிறேன்.

காலையா மாலையா? எந்த நேரத்தில் விடாமல் நடப்பீர்களோ, அந்த நேரம். ஷூவுக்குள் விரல்களை அசைக்க இடம் வேண்டும், குதிகால் நழுவக் கூடாது, அடிப்பாகம் வழுக்கக் கூடாது. அதற்கு மேல் அதில் ஆராய ஒன்றுமில்லை. மாத்திரை என்ன வகை என்று நீங்கள் எழுதவில்லை. பீட்டா பிளாக்கர் என்றால், துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைப்பதே அதன் வேலை. 220-இலிருந்து வயதைக் கழித்து, இதயம் எட்டக்கூடிய அதிகபட்சத் துடிப்பு இது என்று கடிகாரம் போடும் கணக்கு உங்களுக்குச் சரிப்படாது. அது என்ன வகை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வேகத்தைப் பேச்சை வைத்து அளந்துகொள்ளுங்கள். நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். நெஞ்சு இறுக்கம் ஓய்வெடுத்தும் போகவில்லையென்றால் உடனே மருத்துவ உதவி தேடுங்கள், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பத்தாயிரம் என்ற எண் மருத்துவம் சொன்னதல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த சூட்டில், 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணும் கருவியின் பெயரில் இருந்த எண் அது. 2022-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, 60 வயதைத் தாண்டியவர்களுக்கு நாளொன்றுக்கு 6,000 முதல் 8,000 அடிக்கு மேல் ஆயுள் கணக்கில் பெரிய கூடுதல் லாபம் தெரியவில்லை. உங்களுக்கு அதுவே போதும். ஆனால் இப்போது 2,500 நடக்கிறீர்கள் என்றால் அடுத்த வாரமே 7,000-க்குத் தாவாதீர்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எண்ணிப் பாருங்கள். அதன் சராசரியோடு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 500, முழங்கால் ஒத்துழைத்தால் 1,000 சேர்த்துக்கொண்டே போங்கள்.

உங்கள் முழங்கால் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் நடையாக இருக்காது, நடையை ஒரே நாளில் மூன்று நான்கு மடங்காக்கியதாகத்தான் இருக்கும். தசைக்கு ஒருவித வேகம், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணுக்கு இன்னொரு வேகம். சில வாரங்களில் தசை பழகிவிடும். தசைநாணுக்கு மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில்தான் ஆர்வக்கோளாறால் பலர் விழுகிறார்கள். விழுந்ததும் ‘மூட்டு தேய்ந்துவிட்டது, இனி அசைக்கக் கூடாது’ என்று தாங்களே தீர்ப்பும் எழுதிக்கொள்கிறார்கள். மூட்டுத் தேய்மானம் உறுதியானவர்களுக்கே முதலில் பரிந்துரைக்கப்படுவது உடற்பயிற்சிதான். முழங்காலைத் தாங்குவது தொடைத்தசை. அதை ஓய்வெடுக்க வைத்தால் மூட்டின் மேல் விழும் சுமை இன்னும் கூடும். மூட்டு வீங்கியிருந்தாலோ, சூடாக இருந்தாலோ, மடக்கும்போது பூட்டிக்கொண்டாலோ மட்டும் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இனி அந்த வரி.

சோபாவிலிருந்து எழக் கை தேவைப்படுவதற்கு வயது மட்டும் காரணமில்லை. அதை வயதின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டீர்களே, அதுதான் எனக்குக் கோபம். உங்கள் தொடையும் பிட்டமும் உங்கள் உடல் எடையைத் தூக்கும் வலுவை இழந்துகொண்டிருக்கின்றன. கை அந்தக் குறையை மறைக்கிறது. மறைக்க மறைக்கக் கால் இன்னும் குறைவாக வேலை செய்கிறது. இன்று சோபா, அடுத்து சாதாரண நாற்காலி, பிறகு கழிப்பறை. யாராவது வந்து தூக்கிவிட வேண்டிய நிலை ஒரே இரவில் வருவதில்லை. வருடக்கணக்கில், ஒவ்வொரு கை ஊன்றலாக, நாமே அனுமதித்து வருகிறது.

நடந்தால் இது சரியாகிவிடும் என்று நினைக்கிறீர்கள். ஆகாது. நடை இதயத்துக்கு நல்லது, சர்க்கரைக்கு நல்லது, தூக்கத்துக்கும் மனதுக்கும் நல்லது. நடக்க வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் சமதரையில் நடப்பதற்குக் காலின் முழு வலுவும் தேவையில்லை, ஒரு பகுதி போதும். தசையில் மெதுவாக, நெடுநேரம் உழைக்கும் இழைகள் உண்டு. சட்டென்று பெரும் விசை கொடுக்கும் வேக இழைகளும் உண்டு. வயது ஏற ஏற அதிகம் சுருங்குவது வேக இழைகள். பெரும் சுமையோ வேகமோ கேட்டால்தான் அவை வேலைக்கு வரும். நிதான நடை அவற்றை எழுப்புவதே இல்லை. ஒரு கல் தடுக்கும்போது அடுத்த காலை நொடியில் முன்னால் வீசி உங்களைக் காப்பாற்ற வேண்டியவையும் அவைதான். பல வருடம் தவறாமல் நடந்தவர்கள்கூட ஒரு சின்னத் தடுக்கலில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதற்கு இது ஒரு காரணம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று விஷயம் சொல்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, குறைந்தது இரண்டு நாள் தசைவலுப் பயிற்சி, மூன்று நாள் சமநிலையும் வலுவும் கலந்த பயிற்சி. உங்களுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, அதுவரை காத்திருக்க வேண்டாம். மூன்றில் முதலாவதை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டில் சக்கரமில்லாத, கைப்பிடி இல்லாத, உட்காருமிடம் கெட்டியான நாற்காலி ஒன்று இருக்கும். உயரம் 43 முதல் 45 செ.மீ. முதுகுப்பக்கம் சுவரில் முட்டும்படி போடுங்கள். முன்விளிம்புக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்கள் இடுப்பகலம் விலகி இருக்கட்டும். பாதத்தைப் பின்னால் இழுங்கள், குதிகால் முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னே வர வேண்டும். கைகளை மார்பின் குறுக்கே வையுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள், முதுகு கூனாமல். பாதம் முழுதும் தரையை அழுத்த, மூச்சை வெளியே விட்டபடி எழுந்து நிமிர்ந்து நில்லுங்கள். பிறகு மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக உட்காருங்கள்.

பெரும்பாலும் எங்கே தப்பும் என்று சொல்கிறேன். பாதத்தை முன்னால் நீட்டி வைத்துவிட்டு எழப் பார்ப்பார்கள். உடல் எடை பாதத்துக்குப் பின்னால் இருப்பதால் எழவே முடியாது, முன்னும் பின்னும் ஆடி விசையேற்றி எழுவார்கள். சிலருக்கு எழும்போது முழங்கால்கள் உள்ளே மடங்கும். இடுப்பின் பக்கத் தசை பலவீனமாக இருப்பதே பெரும்பாலும் காரணம். முழங்காலைக் கால்விரல் பார்க்கும் திசையிலேயே வைத்திருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு தம் கட்டினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், உங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, உட்காரும்போது கடைசி நான்கு விரல்கடை உயரத்தில் பொத்தென்று விழுவது. அந்த உயரத்தில்தான் உங்கள் கால் பலவீனமாக இருக்கிறது. அதைத் தவிர்த்தால் மாற வேண்டிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைச் செய்கிறீர்கள் என்று பொருள்.

கை ஊன்றாமல் ஒருமுறைகூட முடியவில்லையா? ஒரு போர்வையை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டுங்கள். முடிகிற உயரத்தில் ஆரம்பித்து, ஒவ்வொரு மடிப்பாகக் குறையுங்கள். ஒரு சுற்றுக்கு ஐந்து, இரண்டு சுற்று, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு. வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாள் இடைவெளி. மெல்ல மூன்று சுற்று, சுற்றுக்குப் பன்னிரண்டு என்று ஏற்றுங்கள். மறுநாள் தொடை கடுக்கும், இரண்டு மூன்று நாளில் அடங்கும், அதற்குப் பயப்படாதீர்கள். மூட்டு வலி பத்துக்கு நான்கைத் தாண்டினாலோ, மறுநாளும் அடங்காமல் இருந்தாலோ, அளவைப் பாதியாக்குங்கள். நிறுத்தாதீர்கள்.

பன்னிரண்டு சுலபமானதும் என்ன செய்வீர்கள்? எல்லோரையும் போல அதே பன்னிரண்டைப் பல வருடம் செய்துகொண்டிருப்பீர்கள். தவறாமல் செய்கிறேன் என்று பெருமையாகவும் சொல்வீர்கள். அதில் பயனில்லை. சுற்றின் கடைசி இரண்டு மூன்று முறை கடினமாக இல்லையென்றால், மாற வேண்டிய அவசியம் தசைக்கு இல்லை. இரண்டு கிலோ எடையுள்ள பையை மார்போடு அணைத்துக்கொண்டு எட்டுக்கு இறங்குங்கள், மறுபடி பன்னிரண்டுக்கு ஏறுங்கள், பிறகு மூன்று கிலோ, நான்கு கிலோ. இரண்டு மாதம் கழித்து வேகத்தைச் சேருங்கள். எழுவது எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாக, உட்காருவது பழையபடி மூன்று எண்ணி. வேக இழைகளை எழுப்புவது அந்த விரைவுதான்.

இந்த வயதில் தசை வளருமா என்ற சந்தேகம் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. 1990-இல் பாஸ்டனில் மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரும் அவர் குழுவும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, உடல் நலிந்த பத்துப் பேர். சராசரி வயது 90. எட்டு வாரம் தொடைக்குக் கடினமான எடைப் பயிற்சி. முடித்த ஒன்பது பேரின் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொடையின் நடுவில் தசையின் அளவு 9 சதவீதம்தான் கூடியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். வலுவில் பெரும்பகுதி புதிய தசையால் வந்ததல்ல. இருக்கிற தசையைக் கூப்பிட நரம்பு மறுபடி கற்றுக்கொண்டதால் வந்தது. அதனால்தான் முதல் சில வாரங்களிலேயே எழுவது சுலபமாகும், கண்ணாடியில் எதுவும் தெரியாது. கண்ணாடியைப் பார்த்து மனம் விட்டுவிடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள், பதினைந்து முறை, பின்னாளில் ஒற்றைக் காலில். சுவரில் கை வைத்துத் தள்ளும் தண்டால். சுவர் மூலையில் முதுகு காட்டி நின்று, ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டி வைத்துப் பத்து விநாடி, பழகியதும் ஒற்றைக் கால். மல்லாந்து படுத்து எழும் வயிற்றுப் பயிற்சியை விட்டுவிடுங்கள். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு அப்படி முன்னால் வளைவது முதுகெலும்பை நொறுக்கக்கூடும். புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கூட்டாதீர்கள். எடையைக் குறைப்பது பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் போகும், உங்களிடம் இழக்கத் தசை இல்லை.

உங்கள் மகளுக்கு ஒரு வார்த்தை, இதை அவரிடம் காட்டுங்கள். அம்மா, உங்கள் அப்பா மேல் உங்களுக்கு இருக்கிற பாசம் அவர் கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் அவர் கையிலிருந்து பையை வாங்கும் ஒவ்வொரு தடவையும் அவர் காலிலிருந்து ஒரு துளி வலுவை வாங்கிக்கொள்கிறீர்கள். 2007-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிற்று. நோயே இல்லாதவர்களுக்கு, வெறும் பத்து நாளில். அவர் மாடி ஏறட்டும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறட்டும். நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டியது வேறு. தரையில் கிடக்கும் ஒயர், ஓரம் மடங்கிய மிதியடி, வெளிச்சமில்லாத படிக்கட்டு, குளியலறை ஈரம். அவற்றைச் சரிசெய்யுங்கள், அவரை விட்டுவிடுங்கள்.

ஆர், இன்றைக்கே ஒன்று செய்யுங்கள். மகளைக் கடிகாரம் பிடிக்கச் சொல்லி, 30 விநாடியில் கை ஊன்றாமல் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். 60 முதல் 64 வயதுள்ள ஆண்களுக்கு 14-க்குக் கீழே, பெண்களுக்கு 12-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு. கை ஊன்றினால் கணக்கு பூஜ்யம். வந்த எண்ணைத் தேதியோடு எழுதி வையுங்கள். எட்டு வாரம் கழித்து, அதே நாற்காலியில், மறுபடி எண்ணி எனக்கு எழுதுங்கள். நடுவில் காய்ச்சலோ பயணமோ வந்து இரண்டு வாரம் விட்டுப்போனால், திரும்பும்போது விட்ட இடத்தில் தொடங்காமல் பாதி எண்ணிக்கையில் தொடங்குங்கள், பையில்லாமல்.

அன்புடன்