காதை வைத்துக் கேளுங்கள், திருகை அப்புறம் தொடலாம்

கேள்வி: அண்ணே, எங்கள் அப்பச்சி 2006-ல் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த பி.எஸ்.பி. (சோனியின் கையடக்க வீடியோ கேம் கருவி) ஒன்று ஊர் வீட்டு அலமாரியில் கிடந்தது. தங்கச்சி கல்யாணத்துக்கு வீட்டைத் திறந்து தூசி தட்டியபோது கிடைத்தது. திரை வருகிறது, பட்டன் எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் டிஸ்க்கைப் போட்டால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு, படிக்க முடியவில்லை என்கிறது. டிஸ்க்கைப் படிக்கும் டிரைவையே மாற்றணும் என்கிறார் செல்போன் கடைக்காரர். மாற்றத்தான் வேண்டுமா?
(கானாடுகாத்தான் வாசகர்)

பதில்: தம்பி, டிஸ்க் சுற்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி பதில் இருக்கிறது. சுற்றுகிறது என்றால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. கதவு மூடியிருப்பதைச் சொல்லும் சின்ன சுவிட்சும் சரியாக இருக்கிறது. மிச்சம் லென்ஸ், லென்ஸ் முன்னும் பின்னும் ஓடும் தண்டு, இல்லையென்றால் டிஸ்க்கே. புது டிரைவுக்குக் காசு கொடுப்பதெல்லாம் இந்த மூன்றையும் பார்த்த பிறகுதான்.

அதற்கும் முன்னால் பேட்டரி. வருடக்கணக்கில் பூட்டிய வீட்டில், கோடை முழுக்க அலமாரிக்குள் வெந்து கிடந்த லித்தியம் பேட்டரி உப்பியிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. பின்மூடி தூக்கியிருந்தாலோ, மேசையில் வைத்தால் பேட்டரி ஆடினாலோ அதைச் சார்ஜில் போடவே போடாதீர்கள், குத்தவும் அமுக்கவும் கூடாது, கழற்றித் தனியே வையுங்கள். (லித்தியம் பேட்டரி ஆராய்ச்சிக்குப் பேர்போன சிக்ரி ஆய்வகம் பக்கத்துக் காரைக்குடியிலேயே இருக்கிறது, ஆனாலும் வீட்டில் ஆராய்ச்சி வேண்டாம்.) பேட்டரி இல்லாமலே 5 வோல்ட் அடாப்டரில் பி.எஸ்.பி. ஓடும், சோதிக்க அது போதும்.

சரி, இப்போது டிஸ்க்கைப் போட்டு, பின்பக்கத்தைக் காதோடு ஒட்டி வையுங்கள். சீராகச் சுற்றி, நின்று, மறுபடி சுற்றினால் லென்ஸில் அழுக்கு என்று எடுத்துக்கொள்ளலாம். டக் டக் என்றோ, தேங்காய் துருவுகிற மாதிரி கர கர என்றோ கேட்டால் லென்ஸ் ஓடும் தண்டில் கிரீஸ் காய்ந்து ஒட்டியிருக்கிறது. சத்தமே இல்லை, டிஸ்க் போட்டதே கருவிக்குத் தெரியவில்லை என்றால்தான் அந்தச் சுவிட்சையோ ரிப்பன் கேபிளையோ சந்தேகப்படணும், உங்களுடையது அது இல்லை. வேறு ஒரு டிஸ்க் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள், ஒன்று படித்து மற்றொன்று படிக்கவில்லை என்றால் டிரைவ் மேல் பழி போடாதீர்கள்.

லென்ஸைத் துடைக்க ஒரு திருகைக்கூடக் கழற்ற வேண்டாம். டிஸ்க் கதவைத் திறந்தாலே சின்னக் கண்ணாடி மணி மாதிரித் தெரியும். கருவியை அணைத்து, மின்சாரத்தை எடுத்துவிட்டு, காது குடையும் பட்ஸில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தொட்டு, சொட்டாத அளவுக்கு, மெதுவாக வட்டமாகத் துடையுங்கள். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், அப்புறம் நிஜமாகவே டிரைவ் மாற்ற வேண்டியதுதான். சென்ட், பெட்ரோல், எச்சில் எதுவும் கூடாது. பத்து நிமிடம் காயவிட்டுப் போட்டுப் பாருங்கள். கதவு திறந்திருக்கும்போது சுவிட்சை விரலால் அமுக்கிக்கொண்டு டிஸ்க் சுற்றுவதைப் பார்க்கிற ஆசை வரும், வேண்டாம், அது சிவப்பு லேசர், கண்ணுக்கு ஆகாது.

அப்படியும் சரியாகவில்லை என்றால்தான் பிரிக்கணும். பேட்டரிக் குழிக்குள் ஸ்டிக்கருக்கு அடியிலும் திருகு ஒளிந்திருக்கும், அதை மறந்து மூடியை நெம்பி உடைத்தவர்கள் அதிகம். முன்மூடி, திரை எல்லாம் எடுத்த பிறகுதான் டிரைவ் கைக்கு வரும், ரிப்பன் கேபிளைப் பிடித்து இழுக்காமல் அதன் தாழை நகத்தால் தூக்கிவிட்டு எடுங்கள். காய்ந்த கிரீஸைத் துடைத்துவிட்டு, கடுகளவு வெள்ளை கிரீஸ் தண்டில் தடவினால் போதும். தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் இரண்டும் வழிந்து லென்ஸுக்கே போய்விடும். இந்த வேலையை முகப்பில் உட்கார்ந்து செய்யாதீர்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லின் பூவேலைக்குள் விழுந்த திருகு கிடைக்கவே கிடைக்காது, நான் ஒன்றை அரை நாள் தேடியிருக்கிறேன். வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து அதன்மேல் வையுங்கள்.

கடைசியில் டிரைவ்தான் போயிருந்தால், 2006 என்பதால் உங்களுடையது தடிமனான முதல் மாடல், 1000. அதற்கு கே.எச்.எம். 420 ஏ.ஏ.ஏ. என்று கேட்டு வாங்குங்கள். 2000, 3000 மாடல்களின் டிரைவ் வேறு, இதில் உட்காராது. அப்பச்சி விளையாடி வைத்த சேவ் எல்லாம் மெமரி ஸ்டிக்கில்தான் இருக்கும், டிரைவ் மாற்றினாலும் போகாது.

கேள்வி: என் பையன் பி.எஸ்.பி.யில் போடும் யு.எம்.டி. டிஸ்க்கைக் கீழே போட்டதில் மேலே இருக்கும் கண்ணாடி மாதிரியான மூடி கழன்றுவிட்டது. தூக்கிப் போடவா?
(தேவகோட்டை வாசகி)

பதில்: வேண்டாம்மா. உள்ளே இருக்கிற 60 மில்லிமீட்டர் வட்டில் கீறல் இல்லை என்றால் டிஸ்க் பிழைத்தது. மூடியை இருந்த இடத்தில் பொருத்தி, ஓரத்தில் மூன்று நான்கு இடத்தில் மட்டும் குண்டூசி முனையால் ஃபெவிக்விக் தொட்டு வையுங்கள், ஒரு சொட்டு உள்ளே இறங்கினாலும் வட்டு ஒட்டிக்கொள்ளும். நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள், இல்லையென்றால் அந்த ஆவி லென்ஸில் வெள்ளையாகப் படியும். இன்னொன்று, இந்த டிஸ்க்குகளைப் பட்டுப்புடவைப் பெட்டியில் அந்துருண்டையோடு வைக்காதீர்கள், சில வகைப் பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும்.

கேள்வி: டிரைவ் இருந்தால்தானே கெடும், டிரைவே இல்லாத பி.எஸ்.பி. கோ பழையது ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா? கையில் ஒன்பது டிஸ்க் இருக்கிறது.
(காரைக்குடி வாசகர்)

பதில்: ஒன்பதையும் எங்கே போடுவீர்கள்? 2009-ல் வந்த அந்த மாடலில் டிஸ்க் போட வழியே கிடையாது. 3000 மாடல் ஒன்றைத் தேடுங்கள், வாங்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு டிஸ்க்கை எடுத்துப் போய், அங்கேயே போட்டு, கால் மணி நேரம் ஆடிப் பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.