பழைய பர்மா தேக்கிலும் நம் ஊர்ப் பலாவிலும் கிடார் செய்யலாமா?

காரைக்குடியில் பிரித்த வீட்டிலிருந்து ஒரு பர்மா தேக்கு உத்தரம் கிடைத்திருக்கிறது, அதில் கிடார் செய்யலாமா, நம் ஊர் மரம் எது சரிவரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகச் செய்யலாம், ஆனால் முழுக் கிடாரையும் தேக்கில் செய்யாதீர்கள். பல தலைமுறை காய்ந்த தேக்கு எளிதில் முறுக்காது, கழுத்துக்கு அருமை. எண்ணெய்ப் பசை உள்ள மரம் என்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோனால் துடையுங்கள். இல்லையென்றால் ஒட்டு விட்டுப்போகும்.

பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் என் தேர்வு பலா. தஞ்சாவூர் வீணையின் குடத்தை அதில்தான் குடைகிறார்கள்.

மேல்பலகைதான் உயிர். ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடைக்கு இழுக்கும். அதைத் தாங்கவும் வேண்டும், லேசாக அதிரவும் வேண்டும். இதற்கு மட்டும் ஸ்புரூஸ் (குளிர்நாட்டு ஊசியிலை மரம்) பலகையை வெளியில் வாங்கிவிடுங்கள், மனசு கேட்காவிட்டாலும். இழைக்கும்போது பலகையின் தடிமன் 3 மில்லிமீட்டரை நெருங்கியதும் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் தட்டுங்கள். 'டப்' என்று அடங்கினால் இன்னும் கொஞ்சம் இழைக்கலாம். மணிபோல ஓசை நீண்டால் இழைப்புளியைக் கீழே வைத்துவிடுங்கள்.

அப்புறம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒட்டு வேலை வேண்டாம். அப்போது ஈரம் குடித்த பலகை சித்திரை வெயிலில் சுருங்கி வெடித்துவிடும்.