டி.ஜே. பள்ளி: வாசகர் கேள்வி பதில்

கே: கணவருக்கு வட வர்ஜினியாவில் வேலை கிடைத்திருக்கிறது. பையன் ஏழாம் வகுப்பு. எல்லோரும் சொல்லும் டி.ஜே. பள்ளியின் முகவரி அலெக்ஸாண்ட்ரியா என்று இருக்கிறது. அங்கேயே வீடு பார்த்துவிடலாமா?
- வாசகி, சென்னை

ப: அவசரப்படாதீர்கள். தாமஸ் ஜெஃபர்சன் பள்ளிக்கு (முழுப் பெயரில் 'அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி' என்றும் வரும்) அலெக்ஸாண்ட்ரியா என்பது தபால் முகவரி மட்டும்தான். பள்ளி நிற்கும் இடம் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி). அலெக்ஸாண்ட்ரியா நகர எல்லைக்குள் குடியிருந்தால் விண்ணப்பிக்கவே முடியாது. ஃபேர்ஃபாக்ஸ், லவுடன், பிரின்ஸ் வில்லியம், ஆர்லிங்டன் கவுன்ட்டிகளிலும் ஃபால்ஸ் சர்ச் நகரத்திலும் இருப்பவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு. அலெக்ஸாண்ட்ரியா என்ற தபால் முகவரியோடு ஃபேர்ஃபாக்ஸ் கவுன்ட்டிக்குள் வரும் வீடுகளும் நிறைய உண்டு. எனவே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த வீடு எந்தக் கவுன்ட்டி, எந்த மிடில் ஸ்கூல் (எட்டாம் வகுப்போடு முடியும் நடுநிலைப் பள்ளி) என்று கல்வித்துறை இணையதளத்தில் முகவரியைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

வீட்டைவிட அவசரமான விஷயம் கணக்குப் பாடம். ஒன்பதாம் வகுப்பில் சேர விரும்புகிறவர் எட்டாவதில் அல்ஜீப்ரா 1 ஆனர்ஸோ (ஆனர்ஸ் என்றால் சாதாரண வகுப்பைவிடக் கடினமான பாடம்) அதற்கு மேலோ படித்துக்கொண்டிருக்க வேண்டும். நம்மூரிலிருந்து போகும் பிள்ளைகளை, மதிப்பெண் பட்டியல் புரியாததால், பள்ளி சாதாரணக் கணக்கு வகுப்பில் உட்காரவைத்துவிடுவது உண்டு. செப்டம்பரில் அதைக் கவனிக்காமல் விட்டால், விண்ணப்பம் திறக்கும் நேரத்தில் பையனுக்குத் தகுதி இருக்காது. பழைய பள்ளியின் கணக்குப் பாடத்திட்டத்தையும் மதிப்பெண்களையும் ஆங்கிலத்தில் எடுத்துப் போங்கள். பள்ளி திறக்கும் முன்பே பள்ளியின் கவுன்சிலரை (பாடம் தேர்ந்தெடுக்க வழிகாட்டும் ஆலோசகர்) பார்த்து, நிலை அறியும் தேர்வு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அறிவியலிலும் ஆனர்ஸ் வகுப்பு வேண்டும்.

கே: அரசுப் பள்ளிதானே, எதற்கு இத்தனை பேரும் புகழும்?
- வாசகர், திருச்சி

ப: 1964-இல் திறந்தபோது அது அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் படித்த சாதாரணப் புறநகர்ப் பள்ளி. வாஷிங்டனைச் சுற்றிப் பாதுகாப்புத் துறை ஒப்பந்த நிறுவனங்களும் கணினி நிறுவனங்களும் பெருகிய காலத்தில், 1985-இல், அதே கட்டடத்தை நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் பள்ளியாக மாற்றினார்கள். ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்தவர்கள் முடித்து வெளியேறும் வரை இரண்டு கூட்டமும் ஒரே கூரையின் கீழ் படித்தன. மூன்றே ஆண்டில், 1988-இல், நாடு தழுவிய போட்டியொன்றில் வென்று மாணவர்கள் ஒரு சூப்பர் கம்ப்யூட்டரையே பரிசாகக் கொண்டுவந்தார்கள். 2013 நவம்பரில் இந்தப் பள்ளி மாணவர்கள் கட்டிய சிறு செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் கட்டிய செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது அதுவே முதல் முறை.

இந்தப் புகழுக்கு உண்மையான காரணம் ஆய்வகங்கள். கடைசி ஆண்டில் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வகத்தில் ஆண்டு முழுக்க ஓர் ஆராய்ச்சியைச் செய்ய வேண்டும். வானியல், நரம்பியல், கடலியல், கணினி அமைப்புகள் என்று பல துறைகள் உண்டு. தரவரிசைப் பட்டியல் இதை அளப்பதில்லை என்பதுதான் வேடிக்கை.

கே: முதலிடத்தில் இருந்த பள்ளி 14-க்கு இறங்கிவிட்டது. நுழைவுத் தேர்வை எடுத்ததால் தரம் போய்விட்டது என்கிறார்களே?
- வாசகர், ஆஷ்பர்ன்

ப: யு.எஸ். நியூஸ் என்ற ஊடக நிறுவனம் வெளியிடும் பள்ளித் தரவரிசைப் பட்டியலில் 2020, 2021, 2022-இல் முதலிடம், அடுத்து 5, 2024-இல் 14. உண்மைதான். ஆனால் தேதிகளை ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். 2024 பட்டியல் எடுத்துக்கொண்டது 2021-22 கல்வியாண்டின் விவரங்களை. அதில் 30 சதவீத எடை உள்ள கல்லூரித் தயார்நிலைப் பகுதி, அந்த ஆண்டு பன்னிரண்டாவது முடித்தவர்களின் ஏ.பி. தேர்வுகளை (பள்ளியிலேயே எழுதும் கல்லூரி நிலைப் பாடத் தேர்வுகள்) வைத்துக் கணக்கிடப்பட்டது. அவர்கள் எல்லோரும் பழைய நுழைவுத் தேர்வு எழுதி 2018-இல் உள்ளே வந்தவர்கள். புதிய முறையில் சேர்ந்த முதல் அணி அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தது. மாநிலத் தேர்வுப் பகுதியில் அவர்களுக்கும் பங்கு உண்டுதான். ஆனாலும் சரிவு முழுவதையும் அவர்கள் தலையில் கட்ட அந்தப் பட்டியலில் ஆதாரம் இல்லை. உச்சியில் இருக்கும் பள்ளிகளுக்கு நடுவே இடைவெளி மயிரிழைதான். ஒரு சின்ன மாற்றத்துக்கே பத்து இடம் இறங்கும், ஏறும்.

ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். வடிகட்டிச் சேர்க்கும் எந்தப் பள்ளியின் தேர்வு மதிப்பெண்ணிலும், பள்ளி கற்றுக்கொடுத்தது எவ்வளவு, பிள்ளை வரும்போதே கொண்டுவந்தது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். முதலிடம் வந்தபோதும் இதே சந்தேகத்தைக் கேட்டிருக்க வேண்டும். அப்போது யாரும் கேட்கவில்லை.

கே: இப்போது சேர்க்கை எப்படி நடக்கிறது? வழக்கு முடிந்ததா?
- வாசகி, ஹெர்ண்டன்

ப: 2020 அக்டோபரில் நுழைவுத் தேர்வையும் 100 டாலர் விண்ணப்பக் கட்டணத்தையும் எடுத்தார்கள். முன்பு சுமார் 480 ஆக இருந்த இடங்கள் 550 ஆயின. விண்ணப்பிக்கக் குறைந்தது 3.5 ஜி.பி.ஏ. (பாட மதிப்பெண்களின் சராசரிப் புள்ளி) வேண்டும். மாணவர் தன்னைப் பற்றிய கேள்விகளுக்கு எழுதும் பதில்களும், கணக்கு அல்லது அறிவியல் சிக்கல் ஒன்றைத் தீர்த்து விளக்கும் கட்டுரையும் உண்டு. இரண்டையும் கண்காணிப்பில் எழுத வேண்டும். வீட்டில் யாரோ எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்த பிள்ளைகள் இங்கேதான் சறுக்குகிறார்கள். விடை சரியாக இருந்தால் போதாது, எந்த வழியில் அங்கே போனோம் என்பதைச் சொல்ல வேண்டும். குறைந்த வருமானக் குடும்பம், ஆங்கிலம் புதிதாகக் கற்பவர் போன்ற நிலைகளும் கணக்கில் சேரும்.

முக்கியமான பகுதி இடப்பங்கீடு. ஒவ்வொரு அரசு மிடில் ஸ்கூலுக்கும் அதன் எட்டாம் வகுப்பு எண்ணிக்கையில் 1.5 சதவீத இடம் ஒதுக்கம். 400 பேர் இருந்தால் 6 இடம். மிச்சம் சுமார் 100 இடங்கள் பொதுப் போட்டிக்கு. இதில் வீட்டுக்கு உரிய பள்ளியைப் பார்ப்பதில்லை, படிக்கும் பள்ளியைத்தான் பார்ப்பார்கள். மீத்திறன் மாணவர்களுக்கான மையப் பள்ளிக்குப் பிள்ளையை மாற்றினால், அங்கே அதே 1.5 சதவீதத்துக்கு இன்னும் கெட்டிக்காரக் கூட்டத்தோடு மோத வேண்டும்.

முதல் ஆண்டிலேயே சேர்க்கை பெற்றவர்களில் ஆசியர் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54 சதவீதமாக இறங்கியது. பெற்றோர் அமைப்பு வழக்குப் போட்டது. 2022 பிப்ரவரியில் கீழ் நீதிமன்றத்தில் வென்றது, 2023 மே மாதம் மேல் முறையீட்டில் 2-1 என்று தோற்றது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது.

கே: அப்படியானால் போட்டி குறைந்த மிடில் ஸ்கூல் பக்கம் வீடு மாற்றினால் என்ன?
- வாசகர், சென்ட்ரவில்

ப: நிறையப் பேர் மனத்தில் இருக்கும் கேள்விதான். சேர்க்கை விதி பள்ளி வாரியம் ஓட்டுப் போட்டு வைத்தது, அடுத்த வாரியம் மாற்றலாம். முப்பதாண்டு வீட்டுக் கடனை அதை நம்பி வாங்காதீர்கள்.

கே: நாங்கள் லவுடனில் இருக்கிறோம். இடம் கிடைத்தால் அனுப்பலாமா?
- வாசகி, ஆல்டி

ப: கட்டணம் உங்கள் கவலை அல்ல, கவுன்ட்டியே ஃபேர்ஃபாக்ஸுக்குச் செலுத்திவிடும். கவலை பஸ். மாலையில் நெரிசலோடு ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும், வீட்டுப்பாடம் அதற்குப் பிறகுதான் தொடங்கும். லீஸ்பர்க்கில் 2018 முதல் இயங்கும் லவுடனின் சொந்த அகாடமிகளில் அறிவியலுக்கும் பொறியியலுக்கும் தனிப் பிரிவுகள் உண்டு. இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். டி.ஜே.யில் இடம் வந்தால், கையெழுத்துப் போடும் முன் பள்ளி நாளொன்றில் அதே நேரத்தில் காரில் ஒருமுறை போய் வாருங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு.