மாசியில் காயும் செண்டுமல்லிக்கு மருந்து வாங்காதீர்கள்

கேள்வி: மாடித் தோட்டத்தில் ஐப்பசியில் விதைத்த செண்டுமல்லியும் வெண்டையும் இப்போது அடியிலிருந்து மஞ்சளாகிக் காய்கின்றன. நர்சரியில் வேர்நோய் என்று சொல்லி ஒரு மருந்தும் டானிக்கும் கொடுத்தார்கள். ஊற்றியும் பயனில்லை. ஆடியில் நட்ட கத்தரியும் காய்ப்பைக் குறைத்துவிட்டது. எல்லாவற்றையும் பிடுங்கிவிடலாமா? - ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: முதலில் அந்த டானிக்கை நிறுத்துங்கள். உங்கள் செண்டுமல்லிக்கும் வெண்டைக்கும் நோய் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. அவற்றின் ஆயுள் முடிகிறது, அவ்வளவுதான். ஓராண்டுத் தாவரம் என்றதும் பன்னிரண்டு மாதம் இருக்கும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். முளைத்து, பூத்து, விதை கொடுத்து முடிப்பதுதான் அதற்கு ஒரு வாழ்நாள். வெண்டைக்கு அது ஏறக்குறைய நூறு நாள், செண்டுமல்லிக்கு நான்கைந்து மாதம். விதை முற்றும்போது செடி தன் இலைகளில் உள்ள சத்தை எடுத்து விதைக்கு அனுப்புகிறது. அதனால்தான் அடி இலை முதலில் பழுக்கிறது. நோயாக இருந்தால் பெரும்பாலும் இளம் செடியே பச்சையாக இருக்கும்போது திடீரென்று துவளும்.

சாகும் செடிக்கு டானிக் விற்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. இதே பாட்டிலோடு எத்தனையோ பேர் என்னிடம் வந்துவிட்டார்கள். வாடிய பூவை உடனுக்குடன் கிள்ளியிருந்தால் செண்டுமல்லி இன்னும் சில வாரம் பூத்திருக்கும். அதற்குக் காசு வேண்டாம்.

அடுத்த பொறி விதை பாக்கெட். 'நாட்டு விதை' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். பரிசோதித்த தேதியும் முளைப்புத் திறனும் இருக்காது. விதை விற்க உரிமம் வேண்டும், வாங்குபவருக்கு ரசீது தர வேண்டும் என்று 1983ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. விதை ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் பத்து ரூபாய் மாடித் தோட்டப் பாக்கெட்டை யார் சோதிக்கிறார்கள்? நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் இதுதான் நிலை. தேதி இல்லாத பாக்கெட்டைத் தொடாதீர்கள், ரசீது கேளுங்கள். உங்கள் வெண்டை நாட்டு ரகமாக இருந்தால் இரண்டு நல்ல காய்களைச் செடியிலேயே காயவிட்டு, விதையைச் சாம்பலில் புரட்டி வையுங்கள். வீரிய ஒட்டு ரகம் (ஹைப்ரிட்) என்றால் வேண்டாம், அடுத்த தலைமுறை ஒரே மாதிரி வராது.

கத்தரியை மட்டும் பிடுங்காதீர்கள். நாம் ஓராண்டுச் செடிபோல நட்டுப் பிடுங்கினாலும், கத்தரி இயல்பில் பல ஆண்டு வாழக்கூடியது. உறைபனி விழும் நாட்டில்தான் அது குளிருக்குச் சாகிறது. தஞ்சாவூரில் அதற்கு என்ன வந்தது? தண்டைத் தரையிலிருந்து முக்கால் அடி விட்டு, கூரான கத்தியால் சாய்வாக வெட்டுங்கள். கீழே நான்கைந்து கணுக்களாவது இருக்க வேண்டும். மொட்டையாக அடியோடு வெட்டினால் துளிர்க்காது. துளைப்பான் புழு குடைந்த தண்டை, ஓட்டை தெரியும் இடத்துக்குக் கீழ் வரை நறுக்கி எரித்துவிடுங்கள். மேல்மண்ணைக் கிளறி இரண்டு கைப்பிடி மக்கிய எருவும் கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கும் போடுங்கள். துளிர் வரும் வரை தண்ணீரைக் குறைவாக ஊற்றுங்கள், இலையில்லாத செடி அதிகம் குடிக்காது. ஒன்றரை, இரண்டு மாதத்தில் மறுபடி காய் பார்க்கலாம்.

இலைகள் சுண்டைக்காய் அளவுக்குச் சிறுத்துக் கொத்துக் கொத்தாக இருக்கிறதா என்று வெட்டும் முன் பாருங்கள். அது சிற்றிலை நோய். தத்துப்பூச்சி மற்ற கத்தரிக்கும் பரப்பிவிடும். கவாத்து, அதாவது இப்படி வெட்டிவிடுவது, அதைக் குணப்படுத்தாது. அந்தச் செடியை மட்டும் வேரோடு எடுத்துவிடுங்கள். மற்றவற்றைப் பங்குனி வெயில் ஏறும் முன் இந்த வாரமே வெட்டி, புதுத் துளிர் இரண்டு விரல் நீளம் வரும் வரை மதிய வெயிலுக்கு ஒரு பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டிவிடுங்கள்.