பத்து தேறாது, நாலுதான்

கேள்வி: வருஷம் முடியப்போகிறது. இந்த வருஷம் நீங்கள் படித்ததில் ரொம்பப் பிடித்த பத்துப் புத்தகங்களைச் சொல்லுங்களேன். (வாசகி, வில்லிவாக்கம்)

பத்து தேறாதுங்க. ஜனவரியில் புது டைரி வாங்கி, படிக்கிற ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதப்போகிறேன் என்று கிளம்பினேன். மார்ச் வரை ஒழுங்காக இருக்கிறது. ஏப்ரலில் இருந்து அதே டைரியில் பால் கணக்கும் கேஸ் சிலிண்டர் வந்த தேதியும்தான். எண்ணிக்கை கையில் இல்லை, ஞாபகம்தான் இருக்கிறது. ஞாபகத்தில் நிற்பது நாலு, நாலுமே பழசு. புதிதாக வந்ததையும் வாங்கினேன், படித்தேன், நன்றாகத்தான் இருந்தன, ஆனால் டிசம்பரில் உட்கார்ந்து யோசித்தால் மேலே மிதந்து வருவது இவைதான், என்ன செய்ய.

முதலில் உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’. தலையணை சைஸ். 1940-ல் ஆனந்த விகடனில் தொடராக வர ஆரம்பித்தது என்பதால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு வாரத்துக்கு அளந்து வைத்த மாதிரி இருக்கும். நானும் ராத்திரி சாப்பிட்டதும் இரண்டு அத்தியாயம், அதற்குமேல் இல்லை என்று வைத்துக்கொண்டு மெதுவாகவே போனேன். அதில் ஓர் இடம். கும்பகோணம் காலேஜில் தமிழ் வாத்தியாராக இருக்கும் இளைஞர், 1880-ல், ஊருக்குப் புதிதாக வந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னவெல்லாம் படித்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று அடுக்கிக்கொண்டே போகிறார். முதலியார் அசரவில்லை. இதெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்று கேட்டுவிடுகிறார்! அப்புறம் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். இவர் அதைப் பார்த்ததுகூட இல்லை. (வருஷக் கடைசியில் படித்த பட்டியல் போடும் நாமெல்லாம் அந்த முன்சீப்பிடம் மாட்டியிருந்தால் கதை கந்தல்.)

ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது அதற்குப் பிறகு வருவது. முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு முட்டி மோதிப் பார்க்கிறார், சமண சமயச் செய்திகள் வரும் இடமெல்லாம் பிடிபடவில்லை. சரி, தெரிந்தவர்களிடம் கேட்போம் என்று உள்ளூரில் ஒரு ஜைனர் வீட்டுக்குப் போனால் வாசலில் மாக்கோலம், தோரணம். ஏதோ விசேஷம் போல என்று விசாரிக்கிறார். மாதக்கணக்காக நடந்த சிந்தாமணி பாராயணம் அன்றைக்கு முடிந்ததாம், அதற்குத்தான் தோரணம். தமிழ்ப் பண்டிதர்கள் பலர் கண்ணாலும் பார்த்திராத காவியம், கூப்பிடு தூரத்தில் ஒரு வீட்டுக் கூடத்தில் வரி வரியாகப் படிக்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. நானும் எத்தனையோ புத்தகம் படித்து முடித்திருக்கிறேன், எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் காபி அதிகமாகக் கிடைத்ததில்லை. 1942-ல் உ.வே.சா. இறந்துவிட்டதால் ‘என் சரித்திரம்’ முடியாமலே நிற்கிறது. கடைசிப் பக்கத்துக்கு அப்புறம் இன்னும் ஏதாவது இருக்குமோ என்று நான் பின்னட்டை வரை புரட்டிப் பார்த்தேன்.

இரண்டாவது, அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. மூன்றாவது முறை. மே மாதம் எங்கள் சம்ப்பில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய், லாரிக்குச் சொல்லிவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தே முக்கால்வாசி படித்தேன். 1960-களின் கடைசியில் சென்னையில் இருந்த பஞ்சத்தைப் பற்றிய நாவல் அது. 2019-ல் ஏரிகள் வற்றி, தெருவுக்குத் தெரு பிளாஸ்டிக் குடம் வரிசை கட்டி நின்றதைப் பார்த்தவர்களுக்கு அதில் எதுவும் புதிதாக இருக்காது, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது. ஜமுனாவின் வாழ்க்கை எப்படியெல்லாமோ போகிறது, அசோகமித்திரன் ஓர் இடத்திலும் குரலை உயர்த்துவதில்லை. சின்னப் புத்தகம்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

மூன்றாவது, ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’. தூத்துக்குடி உப்பளங்கள். ஊருக்கே போய், மக்களோடு பழகி எழுதுகிறவர் அவர். உப்பில் பட்டுத் திரும்புகிற வெயில் கண்ணைக் கெடுப்பதும், உப்புத் தண்ணீரில் நின்று நின்று கால் புண்ணாகிப்போவதும் படிக்கும்போது கூடவே வருகின்றன. நடுவில் கொஞ்சம் பிரசங்கம் எட்டிப்பார்க்கும், இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் விடாமல் படியுங்கள்.

நாலாவது அடுத்த கேள்விக்கான பதிலில்.

கேள்வி: ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகமும் முடித்துவிட்டேன். கை நமநமக்கிறது. அடுத்து என்ன? (வாசகர், மடிப்பாக்கம்)

ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மெடான், பினாங்கு. கப்பல், துப்பாக்கி, வட்டிக்கடை, குடித்துவிட்டுத் தமிழ்ப் பெருமையைக் கிழி கிழி என்று கிழிக்கும் பேச்சு, நடு நடுவே மதுரைத் தெருக்கள். முதல் முப்பது பக்கம் தெருப் பெயரும் தெரியாத வார்த்தைகளுமாகத் தலை சுற்றும், பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டுங்கள். வந்தியத்தேவனைத் தேடாதீர்கள், பாண்டியன் வேறு ரகம். இவரும் கடல் தாண்டுகிற ஆள்தான், ஆனால் இவருக்குப் பின்னால் குந்தவை யாரும் இல்லை.

என் பிரதி திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் எடுத்தது, அறுபது ரூபாய். முதல் பக்கத்தில் நீல மையில் ‘மணமக்களுக்கு அன்புடன்’ என்று எழுதி யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார். கல்யாணத்துக்கு இந்த நாவலைக் கொடுத்தவர் என்ன நினைத்துக் கொடுத்தாரோ! பாதிக்கு மேல் பக்கங்கள் மொடமொடவென்று புதிதாகவே இருந்தன. மணமக்கள் அந்த முப்பது பக்கத்தைத் தாண்டவில்லை போலிருக்கிறது.

கேள்வி: போனில் படித்தால் படித்த கணக்கில் வருமா? (வாசகி, பெரம்பூர்)

தாராளமாக வரும். மேலே சொன்ன ‘கரிப்பு மணிகள்’ நான் போனில் படித்ததுதான், பாதி மெட்ரோ ரயிலில், பாதி பல் டாக்டர் வாசலில். ராஜம் கிருஷ்ணனின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனவை, இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அடிக்கோடு போட முடியாத குறை ஒன்றுதான்.

கேள்வி: பாதியில் விட்ட புத்தகங்கள்? (வாசகர், தாம்பரம்)

பதினொன்று. பெயரெல்லாம் கேட்காதீர்கள், ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் எழுதியவர்கள் முகத்தில் முழிக்க வேண்டும்.

கேள்வி: புத்தகக் காட்சி வருகிறது. கையில் 2,000 ரூபாய். எப்படிச் செலவு செய்வது? (கல்லூரி மாணவர், ராயபுரம்)

முதல் நாள் வாங்கவே வாங்காதீர்கள். வேலை நாள் மத்தியானம் போய் ஒரு சுற்று சுற்றி, பெயரும் விலையும் குறித்துக்கொண்டு, பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்தும் எந்தப் பெயர் மண்டையைக் குடைகிறதோ அதை வாங்குங்கள். பத்து சதவீதம் கழிவு கடைசி நாள் வரைக்கும் இருக்கும், அவசரமே இல்லை. 1,500 உள்ளே, 500 வெளியே. ஒய்எம்சிஏ மைதானத்துக்கு வெளியே பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் பரப்பியிருப்பார்கள், அங்கே கொஞ்சம் குனிந்து தேட வேண்டும். தண்ணீர் பாட்டில் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள்.

அதுவும் கட்டுப்படியாகாவிட்டால் கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. உங்கள் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கவும் அங்கே தனி இடம் உண்டு. பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் காலையிலேயே வந்து பிடித்துவிடுவார்கள், சீக்கிரம் போங்கள்.

கேள்வி: கடன் கொடுத்த புத்தகத்தைத் திரும்ப வாங்குவது எப்படி? (வாசகி, மயிலாப்பூர்)

தெரிந்தால் நான் ஏன் ‘மோகமுள்’ளை மூன்று தடவை வாங்கப்போகிறேன்? முதல் பிரதி எங்கே போனது என்று நினைவில்லை. இரண்டாவது, கேட்டால் சண்டை வரும் இடத்தில் இருக்கிறது. மூன்றாவது யாரிடம் என்று நன்றாகவே தெரியும். முதல் பக்கத்தில் என் பெயர் இருக்கிறது, நடுவில் காபி டம்ளர் வைத்த வட்டக் கறையும் இருக்கும். அவர் இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர். சார், பொங்கலுக்குள் கொடுத்துவிடுங்கள்.