வெளிநாட்டு நிதி வாங்கும் டிரஸ்டில் நிர்வாகச் செலவை 20 சதவீதத்துக்குள் அடக்குவது எப்படி?

"வாடகை, சம்பளம் எல்லாமே குறைச்சல்தான். ஆனாலும் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) கணக்கில் 20 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆட்களைக் குறைப்பதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன் பணம் வந்த தேதியையும், செலவை எழுதிய தலைப்பையும் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கேதான் இருக்கும்.

2020 திருத்தத்துக்கு முன் இந்த வரம்பு 50 சதவீதம். அன்று யாரும் இதைக் கூர்ந்து பார்க்கவில்லை. 20 ஆனதும்தான் ஒரு விஷயம் உறைத்தது: சட்டம் சொல்வது செலவழித்த தொகையில் 20 சதவீதம் அல்ல, அந்த நிதியாண்டில் வந்த தொகையில். இரண்டாண்டுத் திட்டம், மொத்தம் 1 கோடி என்று வையுங்கள். நன்கொடையாளர் மார்ச் 25 அன்று 80 லட்சம் அனுப்பிவிடுகிறார், மீதி 20 லட்சம் அடுத்த ஆண்டு. முதல் ஆண்டு வரம்பு 16 லட்சம், ஆனால் செலவு செய்ய ஒரு வாரம்தான் இருக்கிறது. அடுத்த ஆண்டில் வரும் தொகைக்கு வரம்பு வெறும் 4 லட்சம், கணக்காளர் சம்பளமும் வாடகையும் மட்டுமே 9 லட்சம் (மிச்சமான வரம்பை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக 2024 முடிவுவரை வழி இல்லை). வெளிநாட்டு நிதி முதலில் வந்துசேர வேண்டிய டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் பணம் ஏறிய தேதிதான் கணக்கு. அங்கிருந்து உங்கள் ஊர் வங்கிக்கு மாற்றிய தேதி உதவாது. அதனால் ஒப்பந்தம் போடும்போதே ஏப்ரல், அக்டோபர் என்று தவணைகளைப் பிரித்துக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலான நன்கொடையாளர்கள் மறுப்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் வழக்கம்.

இனி தலைப்பு. எது நிர்வாகச் செலவு என்பதை 2011 விதிகளின் 5ஆம் விதி சொல்கிறது: நிர்வாகக் குழுவினரின் ஊதியமும் பயணமும், மேலாண்மைப் பணியாளர் சம்பளம், அலுவலக வாடகை, மின்சாரம், தொலைபேசி, எழுதுபொருள், வண்டிச் செலவு, வழக்கறிஞர் கட்டணம், கணக்கு எழுதும் செலவு, அறிக்கை தயாரிக்கும் செலவு. மருத்துவமனை டாக்டர், பள்ளி ஆசிரியர் சம்பளம் இதில் வராது. தவறு நடப்பது நடுவில் இருப்பவர்களிடம். கிராமத்தில் வகுப்பு எடுப்பவருக்கு "திட்ட மேலாளர்" என்று நியமனக் கடிதம் கொடுத்திருப்பார்கள். ஆடிட்டர் கடிதத்தைப் பார்த்து நிர்வாகத்தில் போட்டுவிடுவார். அவர்மேல் குற்றமில்லை. பணி விவரத்தில் செய்கிற வேலையை எழுதுங்கள், மாதாமாதம் நேரப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள், டேலி கணக்கு மென்பொருளில் ஏப்ரல் 1 அன்றே நிர்வாகத்துக்கு ஒன்று, திட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு லெட்ஜர் திறந்துவிடுங்கள். மார்ச் முடிந்தபின் லெட்ஜரை மாற்றி எழுதுவது ஆய்வில் பளிச்சென்று தெரியும். வேலை உண்மையிலேயே மேலாண்மைதான் என்றால் பெயரை மட்டும் மாற்றுவதும் பலிக்காது.

"களவேலையை இன்னொரு டிரஸ்டிடம் கொடுத்துவிடலாமே" என்ற யோசனையும் சிலர் சொல்வார்கள். 2020 முதல் வெளிநாட்டு நிதியை வேறு அமைப்புக்கு மாற்றவே முடியாது, அவர்களிடம் எஃப்சிஆர்ஏ பதிவு இருந்தாலும்கூட. மானியத்தையே சேவைக் கட்டணம் என்று பில் போட்டு ஒப்பேற்றுவது அதைவிட ஆபத்து.

நிரந்தர வழி, அலுவலகச் செலவின் ஒரு பகுதியையாவது உள்நாட்டுப் பணத்துக்கு மாற்றுவது. சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் உறவினர் இந்தியக் குடிமகனாகவே இருந்தால், அவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நிதி ஆகாது; பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரப்படுவது) வைத்திருப்பவர் தந்தால் அது வெளிநாட்டு நிதிதான், டெல்லிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். உள்நாட்டுப் பணத்தை வெளிநாட்டு நிதிக்கான எஃப்சி கணக்கில் தவறியும் போடாதீர்கள்.

இத்தனையும் செய்தும் தாண்டும் போலிருந்தால், உள்துறை அமைச்சகத்தின் முன் அனுமதி கேட்கச் சட்டத்தில் இடம் உண்டு. செலவு செய்தபின் கேட்டால் அது முன் அனுமதி ஆகாது. ஆண்டுக் கணக்கு தாக்கல் செய்யும் எஃப்சி-4 படிவத்துக்கு டிசம்பர் 31 வரை அவகாசம் இருக்கிறதே என்று காத்திருக்கவும் வேண்டாம். அது முடிந்துபோன ஆண்டின் கணக்கு. நடப்பு ஆண்டின் விகிதத்தை அக்டோபரில் ஒருமுறை, ஜனவரியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஜனவரியில் 17 சதவீதத்தைத் தாண்டியிருந்தால், மார்ச் வரை வாங்க நினைத்த நாற்காலி, மேசை, பிரிண்டர் எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள்.