டப் வாங்கினால் படிப்பு ஏறுமா?

கேள்வி: மாஸ்ரர், மகன் தரம் 10. "புத்தகமெல்லாம் பிடிஎஃப்பாக இருக்குது அம்மா, ஒரு டப் (டேப்லெட்) வாங்கித் தந்தால் ஆசையாகப் படிப்பேன்" என்று ஒரே பிடியில் நிற்கிறான். காலபோக நெல் விற்ற காசு கையில் இருக்கிறது. வாங்கலாமா?
– ஒரு தாய், மல்லாவி

பதில்: நெல்லுக் காசு அப்படியே இருக்கட்டும், தங்கச்சி. முதலில் மகனின் விஞ்ஞானப் புத்தகத்தை மூடிவைத்து, அதன் ஓரத்தைப் பாருங்கள். பிள்ளை புரட்டிய இடம்வரை விரல் ஊத்தை பட்டு மங்கியிருக்கும். மிச்சம் பளிச்சென்று வெள்ளையாக இருக்கும். படிப்பித்த காலத்தில் தவணை அறிக்கையை விட அந்த ஓரத்தைத்தான் நான் நம்பினேன். பிள்ளைக்கும் அது தெரியும். இவ்வளவு முடித்துவிட்டேன் என்று கையில் தடிப்பாகப் படும்போது மிச்சத்தையும் முடிக்க மனம் வரும். பிடிஎஃப்பில் படித்த பக்கமும் படிக்காத பக்கமும் ஒரே வெள்ளைதான்.

புதுச் சாமான் என்றால் ஆசை வரும்தான். 2020இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது என் பேரனுக்குப் போனில்தான் பாடம். முதல் கிழமை விடியவே எழும்பி முகம் கழுவிவிட்டு இருந்தான். மூன்றாம் கிழமை எட்டிப் பார்த்தால், ரீச்சர் தன்பாட்டில் கதைத்துக்கொண்டிருக்கிறா, இவன் கிரிக்கெட் கேமில் நாலு அடிக்கிறான்.

2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அதற்கு முன் நடந்த 54 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. மொத்தம் 1,70,000 பேருக்கு மேல். பாடம் போன்ற தகவல் எழுத்தைத் திரையில் வாசித்தவர்களை விடத் தாளில் வாசித்தவர்களுக்கே கூடுதலாக விளங்கியிருந்தது. இத்தனை நேரத்துக்குள் வாசித்து முடிக்கச் சொன்னபோது இந்த வித்தியாசம் இன்னும் தெரிந்தது. அது விளக்கத்தைப் பற்றிய கணக்கு, ஆர்வத்தைப் பற்றியதல்ல. சரி, விளங்காத பாடத்தில் எந்தப் பிள்ளைக்கு ஆர்வம் வரும்?

பிடிஎஃப் கூடாது என்று சொல்லமாட்டேன். மாரிக்குப் புத்தகம் நனைந்துபோனால் அதுதான் கைகொடுக்கும். இதயத்தின் படத்தைப் பெருப்பித்துப் பார்க்கவும் நல்லது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் சும்மா இறக்கலாம், அதற்கு வீட்டுப் போனே போதும்.

ஒரு அலகைப் போனிலும் அடுத்ததைப் புத்தகத்திலும் படிக்கவிடுங்கள். இரண்டையும் மூடிவைத்துவிட்டு, அடுப்படியில் உங்களுக்குச் சொல்லிக் காட்டட்டும். அப்புறமும் டப்தான் வேண்டும் என்று நின்றால், சிம் போட இடமில்லாததாகப் பார்த்து வாங்குங்கள்.